நம்பிக்கை இல்லாதவரோடு பார்ட்னர்ஷிப்: போட்ட பணம் போவது சின்ன நஷ்டம்

நீங்கள் கேட்டது இதுதான். எட்டு மாதப் பழக்கத்தில் ஒருவர், பழைய வேலை இடத்து நண்பர் மூலம் அறிமுகமானவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர், சேர்ந்து ஒரு பவர் டேபிள் யூனிட் (மோட்டார் மெஷின்களில் துணி தைக்கும் யூனிட்) போடலாம் என்கிறார். பணம் 14 லட்சம் உங்களுடையது, வேலை அவருடையது, லாபம் பாதிப்பாதி. நீங்கள் கோயம்புத்தூரில் வேலையில் இருப்பதால் பேங்கில் அவர் ஒருவர் கையெழுத்தே போதும் என்கிறார். டீட் (பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரம்) எழுதுவோம், ஆனால் பதிவெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். உங்களுக்கு மனதில் ஏதோ நெருடுகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை, "அதிகபட்சம் 14 லட்சம்தானே சார் போகும்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. நான் திருப்பூரில் வரிக் கணக்கு பார்க்கிறவன், பார்ட்னர்ஷிப் டீட் எழுதிக்கொடுப்பதும், பிரியும்போது கணக்கு தீர்த்துக்கொடுப்பதும் எங்கள் ஆபீஸில் அன்றாட வேலை. போட்ட பணத்தோடு போனவர்களை நாங்கள் தப்பித்தவர்கள் கணக்கில்தான் வைப்போம்.

ஷேர் வாங்கினால் போட்டதுதான் போகும். பார்ட்னர்ஷிப் ஃபர்ம் அப்படி இல்லை. 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவு, ஃபர்மின் தொழிலைப் பொறுத்தவரை ஒவ்வொரு பார்ட்னரும் ஃபர்முக்கு ஏஜென்ட் என்கிறது. 25-ஆம் பிரிவு, நீங்கள் பார்ட்னராக இருக்கும் காலத்தில் ஃபர்ம் செய்த எல்லாவற்றுக்கும் நீங்கள் மற்றவரோடு சேர்ந்தும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அவர் நூல் கடையிலும் எலாஸ்டிக் கடையிலும் ஃபர்ம் பெயரில் போடுகிற கையெழுத்து உங்கள் கையெழுத்துதான், பணம் வர வேண்டியவர் அதை வைத்து உங்கள் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். பாதிப்பாதி என்பதெல்லாம் உங்கள் இருவருக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. வெளியாளுக்கு அது கிடையாது, அவர் யாரிடம் வீடு இருக்கிறது, யார் மாதச் சம்பளக்காரர் என்றுதான் பார்ப்பார். உங்கள் ஜோடியில் அது யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஜாப் ஒர்க்கில், அதாவது அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பதில், இன்னொரு சங்கதி இருக்கிறது. யூனிட்டில் உங்கள் பணத்தில் வாங்கிய மெஷின் நிற்கும், ஆனால் அதைச் சுற்றிக் கட்டுக்கட்டாகக் கிடக்கிற கட்டிங் பீஸ் எல்லாம் ஆர்டர் கொடுத்த எக்ஸ்போர்ட்டருடையது. அது காணாமல் போனாலோ, உங்கள் ஆள் அதை வெளியே தள்ளினாலோ, எக்ஸ்போர்ட்டர் ஃபர்மைத்தான் கேட்பார். ஃபர்மின் பொறுப்பில் இருக்கும் அடுத்தவர் பொருளை ஒரு பார்ட்னர் தவறாகப் பயன்படுத்தினால் நஷ்டத்தை ஃபர்ம் ஈடுசெய்ய வேண்டும் என்று 27-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. பெரிய ஆர்டர் உள்ளே கிடக்கும் வாரத்தில் அந்த மதிப்பு உங்கள் 14 லட்சத்தை எளிதாகத் தாண்டும்.

"டீடில் கட்டுப்பாடு எழுதிவிட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். எழுதுங்கள், ஆனால் அது எதுவரை செல்லும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். இங்கே ஒரு ஃபர்மில், ஐம்பதாயிரத்துக்கு மேல் கடன் கொள்முதல் செய்ய இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பணம் போட்டவர் அவினாசிப் பக்கம் வேறு தொழிலில் இருந்தார், யூனிட் பக்கம் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். ஒருநாள் நூல் கடையிலிருந்து ஒன்பது லட்சம் பாக்கி என்று ஸ்டேட்மென்ட் வந்தது. அவர் டீடைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனார், நானும் கூடப் போனேன். கடைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பொறுமையாக வாசித்தார். "இது நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள எழுதிக்கிட்டதுங்க, சரக்கு குடுத்த எனக்கு இதை யாரும் காட்டலையே" என்றார். சட்டமும் அவர் பக்கம்தான். பார்ட்னரின் அதிகாரத்தை ஒப்பந்தத்தில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் குறைப்பு தெரியாமல் வியாபாரம் செய்தவரை அது கட்டுப்படுத்தாது என்பது 20-ஆம் பிரிவு. ஒன்பது லட்சத்தையும் அவினாசிக்காரர்தான் தவணை போட்டுக் கட்டினார்.

ஆகவே டீடில் வரம்பு எழுதினால் மட்டும் போதாது. யாரிடமெல்லாம் கொள்முதல் நடக்குமோ அந்தக் கடைகளுக்கு, "இத்தனை ரூபாய்க்கு மேல் கடன் என்றால் இருவர் கையெழுத்து இல்லாமல் ஃபர்ம் பொறுப்பேற்காது" என்று ஃபர்ம் லெட்டர்பேடில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று நாளைக்குக் காட்ட அந்த ஒரு நகல்தான் உதவும். பலர் இதைச் செய்வதில்லை, கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்.

இப்போது அந்த "ஆறு மாதம் கழித்துப் பதிவு" விஷயம். எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்பது உண்மை, அதனால் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் பதிவாகாத ஃபர்மின் பார்ட்னர், ஒப்பந்தத்தில் தனக்குள்ள உரிமையைக் கேட்டு ஃபர்ம் மீதோ சக பார்ட்னர் மீதோ சிவில் வழக்குப் போட முடியாது. ஃபர்முக்கு வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கிக்கும் ஃபர்ம் வழக்குப் போட முடியாது. 69-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் மீது மற்றவர்கள் வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை! வழக்குப் போட்ட பிறகு அவசரமாகப் போய்ப் பதிந்தாலும் அந்த வழக்கு உயிர் பெறாது, தாக்கல் செய்யும் நாளிலேயே பதிவு இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மிஞ்சுகிற வழி, ஃபர்மைக் கலைக்கச் சொல்வதும் கலைந்த ஃபர்மின் கணக்கைக் கேட்பதும்தான். தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும், ஒரு சின்ன யூனிட் போடும் செலவில் அது ஒரு செலவே இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் இதைத் தள்ளிப்போடச் சொன்னால், ஏன் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். தெரியாமல் சொல்கிறார் என்றால் நீங்கள் "நாளைக்கே பதிவோம்" என்றதும் சரி என்பார். கேட்டுப் பாருங்கள்.

சரி, ஏமாற்றினால் போலீஸுக்குப் போகலாமே? போகலாம், பெரும்பாலும் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். போலீஸின் சோம்பேறித்தனம் என்று எல்லோரும் திட்டுவார்கள், முழுக்க அப்படியும் இல்லை. வேல்ஜி ராகவ்ஜி படேல் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொன்னது என்னவென்றால், ஃபர்ம் சொத்தில் ஒவ்வொரு பார்ட்னருக்கும் உரிமை இருக்கிறது, ஆகவே ஃபர்ம் பணத்தை ஒரு பார்ட்னர் எடுத்துச் செலவழித்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது, அந்தப் பணம் தனி ஒப்பந்தப்படி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். உங்கள் மேனேஜர் கல்லாவிலிருந்து எடுத்தால் குற்றம், உங்கள் பார்ட்னர் எடுத்தால் கணக்குத் தகராறு. இதனால்தான் நான் டீட் எழுதும்போது, ஜாப் ஒர்க் வசூலும் சம்பளப் பணமும் இன்னாரிடம் இன்ன காரியத்துக்காக மட்டும் ஒப்படைக்கப்படுகிறது, இத்தனை நாளுக்குள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று தனிப் பாராவாக எழுதச் சொல்வேன். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் வக்கீலுக்குக் கையில் பிடிக்க ஒரு கொம்பாவது இருக்கும்.

பணம் எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியோடு ஓடிப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஓடுகிறவர் அபூர்வம். சாதாரணமாக யூனிட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மெஷின் சத்தம் கேட்கும், ஆர்டர் வரும், ஆனால் லாபம் மட்டும் வராது. சனிக்கிழமை சம்பள நோட்டில், வேலைக்கே வராத இரண்டு டெய்லர் பெயர் இருக்கும். ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்து, தினமும் ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள் என்று போட்டால் வாரம் 10,800 ரூபாய், மாதத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். உங்கள் பங்கு லாபமே அவ்வளவு இருக்காது. அப்புறம் வேஸ்ட். கட்டிங்கும் நீங்களே செய்கிறீர்கள் என்றால் துணி வேஸ்ட் கிலோ கணக்கில் ரொக்கத்துக்குப் போகும், பில் இருக்காது, எத்தனை மூட்டை போனது என்று வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். செகண்ட்ஸ் பீஸ் என்று ஒதுக்கியதில் நல்ல பீஸும் சேர்ந்து போகும். மெஷின் வாங்கும்போதே ஆரம்பிக்கிறவர்களும் உண்டு, மச்சான் கடையில் பழைய ஓவர்லாக்கைப் புது விலைக்கு வாங்குவார்கள், அல்லது பில்லை ஃபர்ம் பெயரில் போடாமல் தன் பெயரில் போட்டுக்கொள்வார்கள். பிரியும்போது "இந்த ஆறு மெஷின் என்னோடது" என்று பில்லை நீட்டுவார்கள். இதில் எதையும் நீங்கள் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வருடக் கடைசி பேலன்ஸ் ஷீட்டில் கண்டுபிடிக்க முடியாது, நாங்களும் கண்டுபிடிக்க மாட்டோம், கொடுத்த வவுச்சரை வைத்துத்தான் எழுதுகிறோம்.

பேங்க் கையெழுத்து. ஒருவர் கையெழுத்து என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அது நீங்களே அறிந்ததுதான். ஆனால் இருவர் கையெழுத்து என்று வைத்துவிட்டு, இரண்டாம் மாதமே "நீங்க வர்றதுக்குள்ள சம்பள நாள் தாண்டிருது, ஒரு இருபது செக்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க" என்பார். போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இது ஒருவர் கையெழுத்தைவிட மோசம். அந்தச் செக் செக்யூரிட்டியாக ஏதாவது ஒரு கடைக்குப் போகும், வட்டிக்குக் கொடுப்பவரிடம்கூடப் போகும், அங்கே தொகை எழுதிப் பேங்கில் போட்டுத் திரும்பி வந்தால் 138 வழக்கு, அதாவது செக் மோசடி வழக்கு. சட்டப்படி ஃபர்மின் அன்றாட நிர்வாகத்தில் இருப்பவர்தான் அந்த வழக்கில் மாட்ட வேண்டும், பணம் மட்டும் போட்டுவிட்டு நிர்வாகத்தில் இல்லாத தூங்கும் பார்ட்னர் தப்பலாம் என்று வாதாட முடியும். ஆனால் செக்கில் உங்கள் கையெழுத்தே இருக்கும்போது அந்த வாதம் எங்கே நிற்கும்? இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. வேலையில் இருப்பவருக்கு வாய்தா வாய்தாவாகக் கோர்ட் வாசலில் நிற்பதே தண்டனை. சம்பளத்தைப் பேங்க் வழியாகவே தொழிலாளி கணக்குக்கு அனுப்புங்கள், ஒருவர் பதிந்தால் மற்றவர் தன் போனிலிருந்து ஒப்புதல் கொடுக்கிற மாதிரி நெட் பேங்கிங்கை வைத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருக்கிறேன் என்ற சாக்கே போய்விடும், போலி டெய்லரும் குறைவார்.

ஜிஎஸ்டி பற்றி யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. பதிவு செய்யும்போது யாருடைய மொபைல் நம்பரும் மெயிலும் கொடுக்கப்படுகிறதோ அவருக்குத்தான் ஓடிபி வரும், துறையின் நோட்டீஸ் வந்த தகவலும் அவருக்குத்தான் போகும். உங்கள் ஆள் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, சரக்கு வராமலே பில் மட்டும் வாங்கி உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை) எடுத்துக்கொண்டிருந்தால், ஒருநாள் எடுத்த வரி, அதற்கு 18 சதவீத வட்டி, வரி அளவுக்கே அபராதம் என்று மூன்றும் சேர்ந்து வரும். ஃபர்ம் கட்டவில்லை என்றால் பார்ட்னர்கள் சேர்ந்தும் தனித்தும் கட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 90-ஆம் பிரிவு சொல்கிறது. வருமான வரிக்கும் இதே கதைதான். பதிவின்போது உங்கள் நம்பரைக் கொடுங்கள், ரிட்டர்ன் போடுகிறவர் உங்களிடம் ஓடிபி கேட்டு வாங்கட்டும், தொந்தரவாக இருந்தாலும் பரவாயில்லை.

பேங்க் லோனில் நீங்கள் தனிப்பட்ட கேரன்டி கையெழுத்துப் போடுவீர்கள், அது தனிக் கயிறு. ஃபர்மை விட்டு விலகினாலும் பேங்க் எழுத்தில் விடுவிக்கும்வரை, அதுவரை ஏறிய கடனுக்கு கேரன்டி நிற்கும், கடன் தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் (கடன் நாணய மதிப்பெண்) கூடவே இறங்கும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது தெரியவரும்.

விலகுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டுவது உள்ளே போகும்போது இல்லை, வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது. இருவரும் வாய்ச்சண்டை போட்டு "இனிமே எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று வந்துவிடுவார்கள். ஒரு பத்திரத்தில் எழுதிக்கூட வாங்கிவிடுவார்கள். ஆனால் விலகியதற்குப் பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, நீங்கள் பார்ட்னர் என்று நம்பி ஃபர்மோடு வியாபாரம் செய்தவருக்கு நீங்கள் தொடர்ந்து பொறுப்பு. பதிவான ஃபர்முக்குப் பொது அறிவிப்பு என்றால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் வெளியீடு, அந்த மாவட்டத்தில் போகிற ஒரு தமிழ்ப் பத்திரிகையிலாவது விளம்பரம், மூன்றும். ஜிஎஸ்டியில் விலகிய ஒரு மாதத்துக்குள் கமிஷனருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் தகவல் போய்ச் சேரும் நாள் வரைக்கும் வரிப் பொறுப்பு நீளும். இவ்வளவையும் விலகுகிறவர்தான் முன்னின்று செய்ய வேண்டும், உள்ளே இருப்பவருக்கு உங்கள் பெயர் இருப்பது லாபம்தானே. கடைகளுக்கும் பேங்குக்கும் தனித்தனியாகக் கடிதம் போடுவது இதற்கு மேல்.

உங்கள் முதலீட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? டீடில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மீதி இருப்பவர் தொழிலை நடத்திக்கொண்டிருக்கும்வரை உங்கள் பங்கு பணம் சம்பாதித்த லாபத்தைக் கேட்கலாம், அல்லது வருடத்துக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம் என்கிறது 37-ஆம் பிரிவு. லாபம் எவ்வளவு என்பது அவர் எழுதும் கணக்கு, ஆக நடைமுறையில் 6 சதவீதம்தான். பேங்கில் இந்த வட்டிக்கு யார் கடன் கொடுக்கிறார்கள்? இழுக்க இழுக்க அவருக்கு லாபம். ஃபர்ம் கலைந்துவிட்டால் கணக்குக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு, "தந்துர்றேன், தந்துர்றேன்" என்று மூன்று தீபாவளியை ஓட்டிவிட்டால் அதுவும் போச்சு.

இதே இடத்தில் இன்னொன்று. 14 லட்சத்தையும் முதலீடாகக் காட்டாதீர்கள். நான்கு லட்சம் முதலீடு, பத்து லட்சம் நீங்கள் ஃபர்முக்குக் கொடுத்த கடன் என்று வட்டி விகிதத்தோடு எழுதுங்கள். கலைக்கும்போது முதலில் வெளியார் கடன், அடுத்து பார்ட்னர் கொடுத்த கடன், அதற்குப் பிறகுதான் முதலீடு என்ற வரிசை இருக்கிறது. வெளியார் கடன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டால் இதனால் பயன் இல்லை, மற்றபடி நல்ல வித்தியாசம் தெரியும். டீடில் எதுவுமே எழுதாவிட்டால் சட்டம் நிரப்பிக்கொள்வது இப்படி: லாபம் நஷ்டம் சமம், நீங்கள் 14 லட்சம் போட்டிருந்தாலும் அவர் ஒரு ரூபாய் போடாவிட்டாலும் சமம், யாருக்கும் சம்பளம் கிடையாது.

பாதிப்பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் முட்டிக்கொண்டால் நகர வழியே இருக்காது. மெக்டொனால்ட்ஸ் வட இந்தியாவில் 1995-இல் விக்ரம் பக்ஷி என்ற இந்தியத் தொழிலதிபரோடு 50-50 கூட்டில்தான் இறங்கியது. கடைகள் நன்றாக ஓடின, 2013-இல் அவரை நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து இறக்கினார்கள், அவர் வழக்குக்குப் போனார். இரண்டு பக்கமும் சம பங்கு, யாரும் யாரையும் தாண்ட முடியவில்லை. சண்டைக்கு நடுவே 2017-இல் உணவுக்கூட உரிமம் புதுப்பிக்கப்படாமல் டெல்லியில் 40-க்கும் மேற்பட்ட கடைகளை மூடினார்கள், அதே வருடம் 169 கடைகளுக்கான உரிம ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. 2019-இல்தான் பக்ஷியின் பங்கை வாங்கிக்கொண்டு முடித்தார்கள். ஆறு வருடம் தாங்க அவர்களுக்கு வக்கீல் படையும் பணமும் இருந்தது. பன்னிரண்டு மெஷின் யூனிட் ஆறு வாரம் தாங்காது, டெய்லர்கள் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் பணம் போட்ட உங்களுக்கு 60, அவருக்கு 40 என்று வையுங்கள், கருத்து வேறுபட்டால் யார் சொல்வது செல்லும் என்பதையும் எழுதுங்கள். கூடவே, ஒருவர் விலை சொன்னால் அதே விலைக்கு மற்றவர் வாங்கலாம் அல்லது விற்கலாம் என்று ஒரு ஷரத்து. விலை சொல்கிறவர் ஒழுங்காகச் சொல்வார்.

எல்எல்பி (பார்ட்னர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை) போடலாமா என்றால், பார்ட்னர்ஷிப்பைவிட நிச்சயம் நல்லது. அங்கே ஒரு பார்ட்னர் எல்எல்பிக்கு மட்டும் ஏஜென்ட், மற்ற பார்ட்னருக்கு இல்லை, ஆகவே அவர் வாங்கிய கடன் உங்கள் வீட்டு வாசலுக்கு நேராக வராது. வருடாவருடம் இரண்டு படிவம் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் கட்டணம் ஏறும், அவ்வளவுதான். ஆனால் கேரன்டி கையெழுத்தும், முன்கூட்டிக் கையெழுத்திட்ட செக்கும், போலி டெய்லரும் அங்கேயும் அப்படியேதான் இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்கிற வழி வேறு. நம்பிக்கை இல்லாதவரைப் பார்ட்னராகச் சேர்த்துவிட்டு, அவர் கையைக் கட்ட இருபது ஷரத்து எழுதுவது வீண் வேலை. அவருக்குத் தொழில் தெரியும், அது வேண்டும், சரி. அதற்குப் பார்ட்னர் என்ற அதிகாரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. யூனிட்டை உங்கள் பெயரில் ப்ரொப்ரைட்டர்ஷிப்பாக, அதாவது நீங்கள் ஒருவரே முதலாளியாகப் போடுங்கள், அவரை மேனேஜராக வைத்து மாதச் சம்பளமும் லாபத்தில் ஒரு சதவீதமும் கொடுங்கள். 30 கேட்டாலும் கொடுங்கள். வேலைக்கான ஊதியமாக லாபத்தில் பங்கு வாங்குகிறவர் அதனாலேயே பார்ட்னர் ஆகிவிட மாட்டார் என்று அதே 1932 சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இருக்கிறது. நியமனக் கடிதத்தில் "நஷ்டத்தில் பங்கில்லை, ஃபர்ம் பெயரில் கடன் வாங்க அதிகாரம் இல்லை" என்று எழுதிவிட்டு, கடைகளுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். அல்லது தலைகீழாகவும் செய்யலாம், யூனிட் அவருடையது, மெஷின் உங்களுடையது, பில் உங்கள் பெயரில், மாத வாடகைக்கு விடுகிறீர்கள். பாக்கி வைத்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரலாம், அவருடைய நூல் பாக்கி உங்களுக்கு வராது. அதிகபட்சம் 14 லட்சம்தான் போகும் என்றீர்களே, அது உண்மையாக இருப்பது இந்த மெஷின் வாடகை ஏற்பாட்டில்தான்.

இதற்கு முன்னால் கொஞ்சம் விசாரியுங்கள். மூன்று வருட ஐடி ரிட்டர்னும் சிபில் ரிப்போர்ட்டும் கேளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், உங்களுடையதையும் அவரிடம் கொடுங்கள், அப்போது அவமானமாகத் தெரியாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் திருப்பூர், கோவை மாவட்டங்களில் வழக்கு இருக்கிறதா என்று வருடம் வருடமாகத் தேடுங்கள். ஏற்கெனவே ஃபர்ம் வைத்திருந்தவர் என்றால் அதன் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டு ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டாரா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அவர் வேலை பார்த்த யூனிட் பக்கத்து டீக்கடையும், அவருக்குக் கீழே தைத்த இரண்டு டெய்லரும் சொல்வது முக்கியம். "சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே குடுப்பாரா" என்று மட்டும் கேளுங்கள்.

அது திருப்தி என்றால் யூனிட்டே போடாமல் ஒரே ஒரு ஆர்டரை வேறொருவர் யூனிட்டில் மெஷின் வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து செய்யுங்கள், ஒன்றரை இரண்டு லட்சத்துக்குள் முடிகிற ஆர்டர். டெலிவரி சலான், பீஸ் கணக்கு, சம்பள நோட்டு, வேஸ்ட் விற்ற காசு எல்லாம் ஆர்டர் முடிந்த வாரத்திலேயே அவர் கேட்காமல் கொண்டுவந்து வைக்கிறாரா, நீங்கள் மூன்று தடவை போன் போட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் நகையை அடகு வைத்து முதல் திரட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், இந்த ஆர்டருக்கு அது தேவைப்படாது. கணக்கு கைக்கு வந்ததும் எழுதுங்கள், மேனேஜர் நியமனக் கடிதம் எப்படி எழுதுவது என்று அப்போது பார்க்கலாம்.